எண்ணெய் விடாத வலை

எங்களுக்குக் காசு போடுகிற ஆட்கள் திங்கட்கிழமை கொழும்பிலிருந்து வருகிறார்கள் என்று போன் வந்ததும், எங்கள் மனேஜர் பாக்கியரத்தினம் செய்த முதல் வேலை கடைக்குப் போய் பாம் ஒயில் வாங்கியதுதான். அதை ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, கேக்குக்குப் போடுகிற பச்சைச் சாயத்தை விட்டுக் குலுக்கினார். சாயம் எண்ணெயில் கரையுமா? அடியில் போய்ச் சின்னச் சின்ன உருண்டையாக நின்றது. மனுசன் விடவில்லை. வல்லாரையை அதே எண்ணெயில் வதக்கி, வடித்து, திரும்பவும் போத்தலில் ஊற்றினார். இப்போது நல்ல பச்சை. அதை மேசை நடுவில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

"என்ன சேர் இது?" என்று கேட்டேன்.

"காட்டுறதுக்குப் பிள்ளை. அவங்கள் என்ன, குடிச்சே பார்க்கப் போறாங்கள்?"

"இது எங்கட எண்ணெய் இல்லையே."

"எங்கட எண்ணெய் எங்க? இருந்தால் அதை வைக்க மாட்டனோ? உன்ர வலை ஒழுங்கா வேலை செய்திருந்தால் நான் ஏன் வல்லாரை வதக்கிறன்?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த மனுசன் சொன்னதில் பாதி உண்மை. மழை தொடங்கிய நாளிலிருந்து என் வலை எண்ணெயைப் பிடிக்கவில்லை.

நான் சுலோஜனா. சல்லி என்ற கடற்கரை ஊர்க்காரி, இரசாயனம் படித்தவள். சீனக்குடாவில், துறைமுகத்தின் உட்கரையோடு ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. வெளியே சீமெந்துத் தொட்டிகள், தொட்டி நிறையக் கடல் தண்ணீர், தண்ணீர் நிறையக் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. ஊரில் எங்களைப் 'பாசிக் கொம்பனி' என்று நக்கலாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பாசியின் உடம்புக்குள் எண்ணெய் இருக்கிறது. பாசியை வடித்து, உடைத்து, சக்கையைச் சுழற்றி எடுத்தால் பச்சைப் பால் மாதிரி ஒன்று மிஞ்சும். எண்ணெய் அதற்குள் பொடித்துளியாகக் கலந்து கிடக்கும், இலேசில் பிரிந்து வராது. மற்ற இடங்களில் அதைப் பிரிக்க மூக்கை எரிக்கிற திரவங்களை ஊற்றுவார்கள். நாங்கள் ஊற்றுவதில்லை. ஓட்டை தெரியாத அளவுக்கு நெருக்கமான எவர்சில்வர் வலையை எடுத்து, உரித்த இறால் கோதிலிருந்து காய்ச்சிய பசையில் தோய்த்துக் காயவைப்போம். அந்தப் பூச்சு நனைந்தால் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், எண்ணெயை அண்ட விடாது. பச்சைப் பாலை மேலே ஊற்றினால் தண்ணீர் கீழே போகும், எண்ணெய் வலைக்கு மேலே நிற்கும்.

அந்தப் பூச்சு நான் கண்டுபிடித்த பக்குவம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எண்ணெயில் எனக்கு ஏன் இவ்வளவு வெறி என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். நாட்டில் எரிபொருளே கிடைக்காத அந்த வருடம் என் அண்ணா யுகேந்திரனின் டீசல் போட் மாதக்கணக்கில் மணலில் கிடந்தது. உப்புவெளியில் இல்லை, டவுனில் இல்லை என்று அவர் டீசல் கானைத் தூக்கிக்கொண்டு சீனக்குடா வரை வந்தார். இந்தக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிவைத்த எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு கோயில் அளவு. அவற்றைக் கடந்து வெறும் கானோடு வந்தார், வெறும் கானோடு திரும்பிப் போனார். கடல் முன்னால் கிடக்கிறது, தாங்கிகள் பின்னால் கிடக்கின்றன, நடுவில் என் அண்ணா பெற்றோல் செட் வாசலில் நிலத்தில் படுத்துக் கிடந்தார். அன்றைக்குப் பிடித்த கோபம் எனக்கு இன்றுவரை இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம்.

ஆவணியில் என் வலை நன்றாக வேலை செய்தது. சேர்த்த கொஞ்ச எண்ணெயை டீசலாக்கி, செட் டீசலோடு கலந்து அண்ணாவின் போட்டில் ஊற்றினோம். போட் கோணேசர் மலைக்கு நேரே போய்த் திரும்பி வந்தது. பிறகு மாரி தொடங்கியது, எல்லாம் தலைகீழ். ஊற்றுகிற பாலில் எண்ணெயும் தண்ணீரும் சோடி போட்டுக்கொண்டு கீழே இறங்கின. மனேஜர் கொழும்புக்குப் போனில் "பூச்சு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதுதான் இந்த வருகை. சரிவரவில்லை என்றால் கொட்டிலை மூடி, தொட்டிகளை இறால் வளர்க்கக் கொடுத்துவிடுவார்கள். பாசியைத் துறைமுகத்துக்குள் திறந்து விடுவார்கள். என் பூச்சு உதவாத பூச்சு என்று பெயரெடுத்து அதோடு முடியும்.

போத்தலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். உள்ளறைக்குப் போனேன். அங்கே உம்மு குல்சும் நின்றாள். கிண்ணியாவிலிருந்து வருகிறவள், என்னோடு பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. தொட்டிகள் அவள் பொறுப்பு, வலைகள் என் பொறுப்பு. போன கிழமை பூசிய வலையைக் கையில் வைத்துக்கொண்டு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"சுலோ, இதை ஒருக்கா மணந்து பாரு புள்ள."

மணந்தேன். இறால் கோது வாசனைதான் வரவேண்டும். வேறு ஒன்று வந்தது.

"சாம்பிராணி," என்றேன்.

"அதுதான். எங்கட ஊட்டிலயும் வியாழன் பின்னேரம் உம்மா போடுறதுதான். எனக்குத் தெரியாத மணமா? ஆனா இது எப்பிடி வலையில வந்திரிக்கி?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அறையின் மூலையைப் பார்த்தோம். சுவரில் பிள்ளையார் படம். படத்துக்கு நேர் கீழே எங்கள் கொடி, கொடியில் வலைகள். மழைக்கு முன்னர் வலைகளை வெளிவிறாந்தையில் காயப்போடுவோம். மாரி தொடங்கியதும் நான்தான் கொடியை உள்ளே கட்டினேன். மனேஜரோ வெள்ளிக்கிழமை தவறாமல் பின்னேரம் இந்த அறையில் சாம்பிராணி போடுகிறவர். மழைச் சாரல் அடிக்கும் என்று யன்னலையும் சாத்திவிட்டுப் போடுவார். நாங்கள் பூசுவது வியாழன். வலை ஈரமாகத் தொங்கும்போது புகை போய் அதில் படியும்.

சாம்பிராணி மரத்துப் பிசின். அதன் புகையில் பிசுபிசுப்பு இருக்கிறது. எண்ணெயை அண்ட விடாத பூச்சின் மேலே எண்ணெய்க்குச் சொந்தக்காரனைக் கூட்டிவந்து குடியிருத்தியிருக்கிறோம். பிறகு எண்ணெய் ஏன் நிற்கும்?

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, ஆவணியில் பூசி உறைக்குள் வைத்த பழைய வலைத்துண்டை அதற்குள் அமிழ்த்தினேன். ஊசியால் ஒரு துளி எண்ணெயை அதன்மேல் விட்டேன். துளி உருண்டு மேலே மிதந்து போனது, வலையில் ஒட்டவே இல்லை. பிறகு சாம்பிராணி மணக்கும் வலையை அமிழ்த்தி, அதே மாதிரி ஒரு துளி விட்டேன். அது பரவி, ஒட்டி, அப்படியே வலைக்குள் ஊறிப்போனது. குல்சும் தலையில் கைவைத்தாள். எனக்குச் சந்தோசத்தில் குதிக்கவேண்டும் போலவும், யாரையாவது பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. சொல்லிவைத்த மாதிரி கதவைத் திறந்துகொண்டு மனேஜர் வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் தூபக்கால், தூபக்காலில் தணல்.

"சேர், அங்கயே நில்லுங்கோ!"

நான் போட்ட சத்தத்தில் அவர் வாசலில் அப்படியே நின்றார். தூபக்காலை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னேன். தட்டைக் காட்டினேன். இரண்டு வலை, இரண்டு துளி. விளக்கம் பெரிதாகத் தேவைப்படவில்லை. அவர் முகம் கறுத்துப்போய்க் கதிரையில் இருந்துவிட்டார்.

"நான் நல்லதுக்குத்தான் போட்டனான் பிள்ளை. இந்த வேலை சரிவரவேணும் எண்டு கும்பிட்டுத்தான் போட்டனான்."

"தெரியும் சேர்." உண்மையாகவே தெரியும். பிள்ளையாரிலும் எனக்குக் கோபமில்லை.

"இதை அவையளுக்குச் சொல்லப் போறியோ?"

"சொல்லாமல்? இவ்வளவு நாளும் பூச்சுப் பிழை எண்டு நீங்கள்தானே அவையளுக்குச் சொன்னனீங்கள்."

"மனேஜர் சாம்பிராணி போட்டு வலையைப் பழுதாக்கினான் எண்டால் கொழும்பெல்லாம் சிரிக்கும். நான் சொல்லுறதைக் கேள். போத்தலை வைப்பம். அவங்கள் பார்த்திட்டுப் போகட்டும், காசு வரட்டும். பிறகு நீ ஆறுதலா உன்ர வலையைச் செய். ஆருக்கு நட்டம்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு கணம் நானும் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் போத்தல் விளிம்புவரை நிரம்பியிருந்தது. அவ்வளவு எண்ணெய் எங்கள் தொட்டிகளில் ஒரு வருடம் பாடுபட்டாலும் வராது. இதைக் காட்டித் தப்பினால் அடுத்த முறை இதைவிடக் கூடக் காட்டவேண்டும். நான் உண்மையாக எடுக்கிற எண்ணெய் எந்தக் காலத்திலும் இந்த வல்லாரை எண்ணெய்க்குப் பின்னால்தான் நிற்கும். என் வலை வேலை செய்தாலும் தோற்றதாகத்தான் இருக்கும்.

"ஏலாது சேர்," என்றேன்.

"அப்ப மூடுவாங்கள்."

"மூடட்டும். உள்ளதைக் காட்டி மூடட்டும்."

அவர் எழும்பிப் போனார். போத்தலை எடுத்துக்கொண்டு போகவில்லை.

புதிதாகப் பூசவேண்டும். எங்கே காயப்போடுவது? இந்த அறையின் சுவரெல்லாம் புகை. எங்கள் சல்லி வீட்டில் மீன் எண்ணெய் வாடை வாசலிலேயே நிற்கும், அதுவும் வலைக்கு ஆகாது. கடைசியில் குல்சும் வீட்டில் கட்டி முடியாமல் கிடந்த மேல்மாடி அறை வாய்த்தது. வலைகளையும் பசையையும் பஸ்ஸில் கிண்ணியாவுக்குக் கொண்டுபோனோம். அவளுடைய உம்மாவிடம் சாம்பிராணி வேண்டாம், ஊதுவத்தி வேண்டாம், கீழே பொரியல் கூட வேண்டாம் என்று சொன்னோம். "அப்ப நாங்க என்னத்தத் திங்கிற?" என்று அவர் ஏசிவிட்டு, இரண்டு நாளும் எல்லாருக்கும் தேங்காய்ப்பால் சொதியும் சோறும் மட்டும் ஆக்கிப் போட்டார். வெளியே மழை ஊற்றியது. வலைகள் காய மாட்டேன் என்று அடம்பிடித்தன. நாங்கள் மாறி மாறி விசிறிக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை காலையில் கொழும்புக்காரர் வந்தார்கள். மூன்று பேர். தலைவர் கனகரத்தினம், நரைத்த மீசை, வெள்ளைச் சேர்ட். வந்தவர் நேரே மேசைக்குப் போய்ப் போத்தலைத் தூக்கினார்.

"பரவாயில்லையே! இவ்வளவு எடுத்திருக்கிறியளோ? பிறகேன் பூச்சு சரியில்லை எண்டு சொன்னனீங்கள்?"

மனேஜர் சிரிக்கப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

"சேர், அது எங்கட எண்ணெய் இல்லை. கடையில வாங்கின பாம் ஒயில். மணந்து பாருங்கோ, வல்லாரை மணக்கும்."

மணந்தார். போத்தலை மெல்ல வைத்தார். நான் என் வலையைத் தூக்கிக் காட்டி, இதுதான் எங்களுடையது, இப்போதே செய்து காட்டுகிறேன், பால் தயாராக இருக்கிறது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு பொய்யை வைச்ச இடத்தில ரெண்டாவது இருக்காது எண்டு நான் எப்பிடி நம்புறது? இந்தப் பாலுக்குள்ளயும் கடை எண்ணெயை ஊத்தியிருக்கலாமே?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்ன வாயாலேயே என் எண்ணெயையும் பொய்யாக்கிவிட்டேன். கண் கலங்கப் பார்த்தது. கலங்கினால் அது அவருக்குச் சாட்சியாகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

"சரி சேர். நம்ப வேண்டாம். வெளியில தொட்டி இருக்கு. உங்களுக்கு விருப்பமான தொட்டியில உங்கட கையால அள்ளுங்கோ. நீங்களே கொண்டுவாங்கோ, நீங்களே ஊத்துங்கோ. நாங்கள் சொல்லித் தருவம், தொட மாட்டம்."

"எங்களுக்கு மத்தியானத்துக்கு முன்னம் வெளிக்கிட வேணும்."

"சந்தேகப்பட்டது நீங்கள். அப்ப இருந்து பார்த்திட்டுத்தான் போகவேணும்."

கூட வந்த இருவரும் என்னை முறைத்தார்கள். மனேஜர் கையைப் பிசைந்தார். கனகரத்தினம் வெளியே தொட்டிகளை எட்டிப் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றினார், காற்சட்டையை முழங்கால்வரை மடித்தார். மழைச் சேற்றுக்குள் இறங்கிப் போய், ஆகக் கடைசித் தொட்டியில் தன் கையாலேயே வாளி வாளியாக அள்ளினார். பாசியைக் கட்டியாக்க இறால் கோதுப் பசையை எவ்வளவு விடவேண்டும் என்று குல்சும் சொன்னாள். அவர் விட்டார். உடைக்கிற மெஷினில் போட்டார். சுழற்றுகிற மெஷினில் போட்டார். வெள்ளைச் சேர்ட்டில் பச்சை தெறித்தது. மத்தியானம் வந்தது, போனது. ஒருவரும் சாப்பிடவில்லை. நானும் குல்சுமும் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றோம்.

பச்சைப் பாலை அவர் வலையின்மேல் ஊற்றினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. வலை காயாமல் விட்டதோ, பூச்சு உரிந்துவிட்டதோ, இரண்டு நாள் சொதியும் சோறும் வீணோ என்று ஆயிரம் யோசனை. பிறகு கீழே முதல் துளி விழுந்தது. தெளிந்த தண்ணீர். அடுத்ததும் தண்ணீர். சொட்டுச் சொட்டாக அது இறங்க, மேலே பச்சை தடித்துக்கொண்டு வந்தது. தண்ணீரெல்லாம் போன பிறகு வலையில் கரும்பச்சையாக எண்ணெய் மின்னியது. ஒரு தேக்கரண்டி கூட நிறையாது. வற்றின கடல் மாதிரி நாறியது. எனக்கு அந்த நாற்றத்தைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது.

கனகரத்தினம் விரலால் தொட்டுத் தேய்த்தார், மணந்தார். கீழே விழுந்த தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் எண்ணெயின் மினுக்கம் இல்லை.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான் சேர். ஆனால் நீங்கள் அள்ளினது."

"அப்ப இவ்வளவு நாளும் ஏன் வரேல்ல?"

சாம்பிராணிக் கதையைச் சொன்னேன். நல்ல மனதோடு போட்டது, எங்கள் ஒருவருக்கும் அதுவரை விளங்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். கூட வந்த இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"சிரிக்க வேண்டாம். நீங்கள் வந்த வாகனத்துக்கு முன்னாலயும் எலுமிச்சம்பழம் தொங்குது. நான் பார்த்தனான்."

சிரிப்பு நின்றது. கனகரத்தினத்தின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்டபோது முகத்தில் ஒன்றும் இல்லை.

"சாம்பிராணி சரி. போத்தலை வைச்சது ஆர்?"

என்னைத்தான் பார்த்துக் கேட்டார். நான் அவருடைய பார்வையை விட்டு விலகவில்லை, பதிலும் சொல்லவில்லை. மனேஜருக்காகப் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. அவருடைய வாயில் வரவேண்டியதை நான் எடுக்கவும் விரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மூலையிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் சேர்."

கனகரத்தினம் சேற்றுக் காலைக் கழுவி, சப்பாத்தைப் போட்டார். போகும்போது வாசலில் நின்று இரண்டு விசயம் சொன்னார். கொட்டில் அடுத்த மாரி வரைக்கும் ஓடட்டும், பொறுப்பு சுலோஜனா. பாக்கியரத்தினம் நாளையிலிருந்து வர வேண்டாம்.

வாகனம் போன பிறகு குல்சும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. மனேஜர் தன் மேசையில் இருந்ததையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளடிக்குப் போனார். நான் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, கால் போனது.

"எனக்காக நல்லதா ஒரு சொல் சொல்லியிருக்கலாமே பிள்ளை," என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சொன்னனான் சேர். சாம்பிராணி நல்ல மனசில போட்டது எண்டு சொன்னனான்."

"போத்தலைப் பற்றி?"

இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன். ஒரு நாளும் என்னை மரியாதை குறையக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவர் கேட்ட சொல் என்னிடம் இருக்கவில்லை, இல்லாததை எடுத்துக் கொடுக்க முடியாது.

"போத்தலைப் பற்றிச் சொல்ல நல்லதா ஒண்டும் இல்லை சேர்."

அவர் தலையாட்டினார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, "உன்னில பிழை சொல்ல ஏலாது," என்று சொல்லிவிட்டு, தாங்கிகள் நிற்கிற பாதையால் போனார். நான் அவரைக் கூப்பிடவில்லை.